கதவைத் தட்டாத ரயிலக்கா

ரயிலக்கா வருவதற்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும். பெயர் வந்ததும் அதனால்தான். வைத்தவன் மட்டும் கையில் கிடைத்தால் வறுத்தெடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிவாள். ஆனால் போனை எடுத்தால் "ரயிலக்கா பேசுறேன், யாரு?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு மூன்று மாடி வீட்டில். எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் தங்குவதற்காக ஆஸ்பத்திரிக்காரர்களே நடத்திய வீடு அது. பிள்ளை பெற்றவர்கள் நிறைந்த வீடு. தேடினாலும் ஒரு பிள்ளை கிடைக்காது. சாவிக்கொத்து, போர்வை, சமையலறை, வெந்நீர், யார் டம்ளரை யார் எடுத்தது என்ற பஞ்சாயத்து, எல்லாம் ரயிலக்கா பொறுப்பு.

வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் ஒரு சோகக் கதை இருக்கும் என்றே எதிர்பார்த்தார்கள். இவளும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருப்பாள், அதனால்தான் இப்படி ஓடியாடிச் செய்கிறாள் என்று அவர்களாகவே ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். யாராவது ஜாடையாகக் கேட்டுவிட்டால் அவளுக்குச் சுர்ரென்று ஏறும். "எனக்கு ஒரே பொண்ணு. நாலு கிலோவுக்குப் பொறந்தா, பொறந்தப்பவே என்னை மாதிரிக் கத்தினா, இப்ப கல்யாணமாகி அவ மாமியாரைக் கத்தவிட்டுட்டு இருக்கா. போதுமா?" என்பாள். இந்த வேலைக்கு முன்னால் அவள் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இருந்தாள். இரும்படிக்கிற சத்தத்துக்கு மேலே "சாப்பாடு ரெடி" என்று கத்திக் கத்தி அந்தத் தொண்டை வந்தது. கேன்டீனை மூடினார்கள், இங்கே ஆள் எடுத்தார்கள், வந்தாள். அவ்வளவுதான் கதை.

ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்று ஒரு தடவைகூட யாரிடமும் சொன்னதில்லை. "நான் என்ன டாக்டரா? தெரியாததை எப்படிச் சொல்றது?" என்று கேட்பாள். ஆனால் தாய்மார்கள் பால் எடுக்கும் மெஷினோடு உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நங்கென்று வைப்பாள். குடித்து முடிக்கும்வரை நகரமாட்டாள். எந்தத் தகப்பனாவது துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், பின்னாலேயே போய், "நீ பாட்டுக்கு இருப்பா, எனக்குத் துணி போடணும்" என்று சொல்லிவிட்டு, காலி மெஷினைச் சுற்றவிட்டு வெளியே வந்துவிடுவாள். அந்த இரைச்சலில் உள்ளே அழுகிறவன் சத்தம் யாருக்கும் கேட்காது. மாதாமாதம் மின்சாரச் செலவு ஏன் ஏறுகிறது என்று ஆஸ்பத்திரி அலுவலகம் கேட்கும். "அழுக்குத் துணி ஜாஸ்தி" என்பாள்.

சரி, கதவு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீட்டுச் சுவர்கள் ஆனை கெட்டி. மாடி அறைகளில் செல்போனுக்குச் சிக்னல் என்பதே கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமானால் கீழே ரயிலக்காவின் மேசைக்குப் போன் வரும். அவள் மாடி ஏறிப் போய்ச் சொல்வாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துவைத்த போர்வை கொடுக்க ஒரு கதவைத் தட்டினாள். உள்ளே இருந்த தாய் ஆஸ்பத்திரிச் செய்தி என்று நினைத்துப் பதறி ஓடிவந்ததில், கால் தடுக்கிக் கதவு நிலையில் மோதி நெற்றி கிழிந்துவிட்டது. ரயிலக்காவுக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளே ஒரு சட்டம் போட்டாள்.

புதிதாக யார் வந்தாலும் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவாள். "இங்க பாருங்க. போர்வை, சோப்பு, சாப்பாடு எதுவா இருந்தாலும் கீழ இருந்து கத்துவேன். கதவைத் தட்ட மாட்டேன். தட்டினேன்னா ஆஸ்பத்திரியில கூப்பிடுறாங்கன்னு அர்த்தம். அதனால சும்மா சும்மா திடுக்கிடாம நிம்மதியாத் தூங்குங்க."

சும்மா சொல்லக் கூடாது, நல்ல சட்டம்தான். ஜனங்கள் தூங்கினார்கள். வேலை முடிந்து வரும் தகப்பன்மார்கூடத் தங்கள் அறைக்கு வெளியே நின்று இருமுவார்களே தவிர, ஒருத்தரும் தட்டமாட்டார்கள். ஆனால் ஒன்றை மட்டும் ரயிலக்கா யோசிக்கவில்லை. கண்ட கண்ட காரியத்துக்குத் தட்டுகிற வரைக்கும் தட்டல் வெறும் தட்டல்தான். அதை ஒரே ஒரு காரியத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டால், அந்த வீட்டிலேயே பெரிய பயம் அதுவாகத்தானே ஆகும்? இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி இரண்டாவது மாடியில் இருந்தாள். பக்கத்து அறையில் ஆணி அடித்த சத்தத்துக்கே அவளுக்குக் கை கால் வெலவெலத்துப் போனது. ரயிலக்கா ஆணி அடித்தவனைப் பிடித்துத் திட்டினாளே ஒழிய, தன் சட்டத்தைத் திட்டவில்லை.

மூன்றாவது மாடிக் கடைசி அறையில் ஒரு தையல்காரி இருந்தாள். ஏழாம் மாதமே வலி கண்டு, வயிற்றைக் கீறி எடுத்த ஆண் பிள்ளை. உள்ளங்கையை நீட்டினால் அதில் பாதி உடம்பு அடங்கிவிடும். புருஷன் வெல்டர். லீவு தீர்ந்துபோய் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வேலை நேரத்தில் போன் பையில் கிடக்கும், பை எங்கேயோ தொங்கும். தையல்காரி அதிகம் பேசமாட்டாள். ஆனால் ரயிலக்காவின் ஜாக்கெட் தோளில் சுருக்கம் விழுவதைப் பார்த்துவிட்டு, "எவன்க்கா தைச்சான் இதை? கழட்டிக் குடுங்க" என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது.

பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டு வந்தான். மூச்சுக்குப் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் அம்மாவின் பால் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. தையல்காரி முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தபோது பிள்ளையின் வயிறு உப்பியிருந்தது. பாலை நிறுத்திவிட்டார்கள். "கவனிச்சிட்டு இருக்கோம், நீங்க போய்க் கொஞ்சம் படுங்க" என்றார் டாக்டர். அவள் வந்து படுக்கவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க முடியாத பாலை மெஷினில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வற்றிவிடக் கூடாதே என்று.

அன்று மத்தியானம் ரயிலக்காவின் மேசையில் போன் அடித்தது.

"மூணாவது மாடிக் கடைசி ரூம் அம்மாவை உடனே அனுப்புங்க. அப்பாவுக்கு அடிச்சோம், எடுக்கலை" என்றது ஒரு நர்ஸின் குரல்.

"என்ன ஆச்சும்மா?"

"உடனே வரச் சொல்லுங்க." போன் வைக்கப்பட்டுவிட்டது. விவரத்தைப் போனில் சொல்லக் கூடாது என்பது அவர்கள் பக்கத்துச் சட்டம்.

ரயிலக்கா போனை வைத்தாள். முழங்கால் வலியோடு மூன்று மாடியும் ஏறினாள். வழியில் இரட்டைப் பிள்ளைக்காரி கதவு இடுக்கில் நின்றுகொண்டிருந்தாள். ரயிலக்கா கத்தாமல் மாடி ஏறுகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தன் மாடியைத் தாண்டி மேலே போகிறாள் என்றதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ரயிலக்கா கடைசிக் கதவைத் தட்டினாள்.

உள்ளே பால் எடுக்கும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. அவ்வளவுதான். காலடிச் சத்தம் இல்லை, தாழ்ப்பாள் சத்தம் இல்லை.

"ஏம்மா, நான்தான்."

மறுபடி தட்டினாள்.

"தட்டாதீங்கக்கா." குரல் கதவுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து வந்தது. "தயவுசெஞ்சு தட்டாதீங்க. நான் தொறக்க மாட்டேன்."

"தொறக்காம? ஆஸ்பத்திரியில கூப்பிடுறாங்கம்மா."

"தெரியும். நீங்க தட்டினா எதுக்குன்னு தெரியும். நான் தொறந்தாத்தானே நீங்க சொல்வீங்க? நீங்க சொல்ற வரைக்கும் அவன் இருக்கான். போயிடுங்கக்கா."

ரயிலக்காவின் இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது, ஆனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும்போது சாவி எதற்கு ஆகும்? தோளால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள். அந்தக் காலத்துக் கதவு, அசைந்து கொடுக்கவில்லை. முதலில் அதட்டினாள். "வெளையாடுறியா நீ? எந்திரிச்சு வாடீ!" பிறகு கெஞ்சினாள். "என் கண்ணில்ல, என் ராசாத்தில்ல." அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வந்ததைக் கேட்டு, மாடிப்படியில் எட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னும் பயம் வந்துவிட்டது. உள்ளே அவள் அழக்கூட இல்லை. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது. சேலை மரத்தில் உரசுவது கேட்டது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கீழே மேசையில் மறுபடி போன் அடிக்க ஆரம்பித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்போது ரயிலக்காவின் நாக்கு நுனியில் ஒரு பொய் வந்து நின்றது. 'அட பைத்தியமே, சோப்புக் குடுக்கத்தான் தட்டினேன், மறந்துபோய்த் தட்டிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவு அந்த நிமிஷமே திறந்துவிடும். பிறகு இழுத்துக்கொண்டு ஓடலாம். வாயைத் திறந்தேவிட்டாள். ஆனால் கதவைத் திறந்து இவள் முகத்தைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று ஒரு நொடி நம்பவைத்துவிட்டு, மறு நொடி அதைப் பிடுங்குவதா? ரயிலக்கா வாயை மூடிக்கொண்டாள். கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தாள், இந்தப் பக்கம் கதவில் சாய்ந்து.

"இங்க பாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. என்ன ஆச்சுன்னு கேட்டேன், சொல்லலை. ஆனா ஒண்ணு மட்டும் தெரியும். சொல்லட்டுமா?"

உள்ளே சேலை மறுபடி உரசியது.

"இத்தனை வருஷமா அந்தப் போனை நான்தான் எடுக்கிறேன். முடிஞ்சு போச்சுன்னு வை, அவங்க எப்படிப் பேசுவாங்க தெரியுமா? குரலைத் தாழ்த்தி, 'அக்கா, பதட்டப்படாம மெதுவாக் கூட்டிட்டு வாங்க'ம்பாங்க. அப்புறம் எதுக்கு அவசரம்? இன்னிக்கு அந்த நர்ஸ் பொண்ணு 'உடனே'ன்னு சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. 'உடனே'ன்னா இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தையும் நீ உள்ள உக்காந்து தின்னுட்டு இருக்கே."

எந்த ஆறுதலிலும் சேராத பேச்சு அது. மாடிப்படியில் நின்ற ஒருத்தி, "ஐயையோ, இப்படியா சொல்றது" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விலகியது.

தையல்காரி முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெறுங்கால். வயிற்றுத் தையலை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். சாலையில் வண்டிகள் விட்டேனா பார் என்று போய்க்கொண்டிருந்தன. ரயிலக்கா நட்டநடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, "நிறுத்துங்கடா!" என்று போட்ட சத்தத்தில் ஒரு பஸ்ஸே நின்றது. டிரைவர் திட்ட வாயைத் திறந்தவன், பின்னால் வந்தவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

மூன்று மாடி இறங்கி வந்த தையலோடு இன்னும் படி ஏறக் கூடாது என்று லிஃப்டுக்கு நின்றார்கள். அது எங்கேயோ மேலே நின்றுகொண்டு இறங்குவேனா என்றது. ரயிலக்கா பொத்தானைக் குத்திக் குத்தி விரலை நோகடித்துக்கொண்டாள். தையல்காரி அவள் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது.

கடைசியில் லிஃப்ட் வந்து, மேலே போய்க் கதவு திறந்தபோது, பிள்ளையின் கண்ணாடிப் பெட்டி நடைபாதையில் நின்றது. சக்கர வண்டியில், சிலிண்டரும் மானிட்டருமாக, தள்ளிக்கொண்டு போகத் தயாராக. மூச்சுக்கான குழாயை மறுபடி போட்டிருந்தார்கள். மானிட்டரில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ரயிலக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"குடல்ல ஓட்டை விழுந்திருக்கும்மா" என்றார் டாக்டர். வேகமாகத்தான் பேசினார், ஆனால் அவள் கண்ணைப் பார்த்துப் பேசினார். "உடனே ஆபரேஷன் பண்ணணும். ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன். பண்ணலைன்னா வாய்ப்பே இல்லை. உங்க வாயால சரின்னு கேட்கத்தான் நின்னோம். இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு நாங்களே கிளம்பியிருப்போம்."

"சரி" என்றாள் தையல்காரி. "ஒரு தடவை தொட்டுக்கட்டுமா?"

நர்ஸ் அவள் கையில் மருந்துத் தண்ணீரை ஊற்றித் தேய்க்கச் சொன்னாள். பெட்டியின் பக்கத் துவாரத்தைத் திறந்தாள். தையல்காரி கையை விட்டு, பிள்ளையின் தலையில் உள்ளங்கையை மெல்ல வைத்தாள். தடவவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். "அம்மா வந்துட்டேன்டா. லேட்டாயிடுச்சு. வந்துட்டேன்." பெட்டி நகர்ந்தது. போகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரயிலக்கா சுவரோரமாக நின்றாள். 'நாங்களே கிளம்பியிருப்போம்' என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாய்ப் போய்த் தைத்தது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கதவு மூடியிருந்தால், இந்தப் பெண் தன் பிள்ளையைத் தொடாமலே அனுப்பியிருப்பாள். அவன் திரும்பி வராமலே போனால்? அதற்குக் காரணம் யார்? என் சட்டம்! பெரிய மண்ணாங்கட்டிச் சட்டம்! நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு வீடு முழுக்க ஜனங்களைக் கதவுக்குப் பயப்படப் பழக்கிவிட்டேனே! தலையில் நறுக்கென்று ஒன்று குட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போனில் தவறிப்போன அழைப்புகளைப் பார்த்துவிட்டு வெல்டர் ஓடிவந்து சேர்ந்தான், முகமெல்லாம் கரி. பெண்டாட்டியின் வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. கெட்டுப்போன குடலை எடுத்தாயிற்று, பிள்ளை தாங்கிக்கொண்டான், ஆனால் ரெண்டு மூன்று நாள் போகாமல் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். வெல்டர் அங்கேயே இருக்கிறேன் என்றான். தையல்காரியை மட்டும் கொஞ்சம் படுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ரயிலக்கா அவளை அறையில் விட்டுவிட்டு வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் மாடிப்படியில் நின்று யோசித்தாள். பிறகு இறங்கிப் போய், இரட்டைப் பிள்ளைக்காரியின் கதவைப் படபடவென்று தட்டினாள்.

உள்ளே டம்ளர் விழுந்து உருண்டது. கதவு திறந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"சோப்பு இருக்கா?" என்றாள் ரயிலக்கா.

"அக்கா! உசுரே போயிடுச்சு! சோப்புக்கா தட்டினீங்க?"

"ஆமா. இனிமே எல்லாத்துக்கும் தட்டுவேன். சோப்புக்கும் தட்டுவேன், டீக்கும் தட்டுவேன், உங்க மூஞ்சியைப் பார்க்கணும்னு தோணினாக்கூடத் தட்டுவேன்." அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு என்று ஒன்று விடாமல் தட்டிக்கொண்டே போனாள். ஒரு தகப்பன் கண்டபடி திட்டினான். ஒருத்தி அழுதேவிட்டாள். திட்டியவனுக்கும் அழுதவளுக்கும் ரயிலக்கா ஒரே பதிலைத்தான் சொன்னாள். "தப்பு என்னுது. பழகிக்குங்க." இரண்டாம் சுற்று வந்தபோது பாதிப் பேர் கதவைத் திறக்காமலே, "உப்பு இல்லைக்கா, போங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார்கள்.

கடைசி அறை மட்டும் பாக்கி. அங்கே தட்ட அவளுக்குக் கை வரவில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது கதவு தானாகத் திறந்தது.

"எல்லாக் கதவையும் தட்டுறீங்க, எங்க கதவை விட்டுட்டீங்களே" என்றாள் தையல்காரி.

"நீ படும்மா. இன்னிக்கு உனக்கு நான் தட்டினது போதும்."

"போதாதுக்கா. ரெண்டு மூணு நாள் எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. நீங்க திரும்பத் தட்ட வேண்டி வரும். அப்ப நான் இன்னிக்கு மாதிரி உக்காந்துடக் கூடாது. நான் உள்ள போறேன். நீங்க தட்டுங்க. நான் தொறந்து பழகிக்கிறேன்."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ரயிலக்கா தட்டினாள். பிறகு தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து கதவு திறந்தது. தையல்காரிக்கு மூச்சு இரைத்தது, நெற்றியில் வியர்வை.

"இன்னொரு தடவைக்கா."

மறுபடி சாத்தினாள். மறுபடி தட்டினாள். திறந்தது. மறுபடியும். எத்தனை தடவை என்று ரயிலக்கா எண்ணவில்லை. முழங்கால் வலிக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்காகத் தட்டுகிற அதே தட்டலைத்தான் தட்டினாள், ஏமாற்றவில்லை. கீழ் மாடிகளில் பேச்சு நின்று வீடே கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் தையல்காரி கட்டிலுக்குப் போனாள். "போதும்க்கா, தூக்கம் வருது" என்றாள். ரயிலக்கா கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அது விழவில்லை.